கூட வேலை பார்த்தவங்க

வீட்டில் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது பட்டம் வாங்கியதால் அல்ல, வாங்காமல் இழுத்தடித்ததால். கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள். இவள் மட்டும் ஒரு பழைய சர்க்கஸ் கம்பெனியின் சாமான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு அதற்கு ஒரு விடிவு வரும். அருங்காட்சியக அரங்கில் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம்.

"வர்றியாம்மா, இல்லையா?" என்று வாசல் கதவில் கைவைத்தபடி கேட்டாள்.

அம்மா செய்தித்தாளை மடிக்கவில்லை. "அவ வர்றாளா?"

"எவ?"

"எனக்குத் தெரிஞ்ச அவ ஒருத்திதான்."

"சித்தி வர்றாங்க. உடுப்பு, ஊஞ்சல் எல்லாம் அவங்கதானே குடுத்தாங்க. மியூசியத்துல இருந்தே அழைப்பு போயிருக்கு."

"அப்ப நான் எதுக்கு? எனக்கு முட்டி வலி."

அம்மாவின் முட்டி வலிக்கு நேரம் காலம் எல்லாம் தெரியும். டாக்டரம்மா தம்பியைப் பார்த்தாள். தம்பி லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, "நீ கிளம்புக்கா, நான் பார்த்துக்கறேன்" என்று கண்ணாலேயே சொன்னான்.

இந்த முட்டி வலி எப்போது தொடங்கியது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தம்பிக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் தேநீருக்கு வந்திருந்த அன்று. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, தட்டோடு வந்த சித்தியைக் காட்டி, "இவங்க?" என்றார்.

"எங்க கூட வேலை பார்த்தவங்க" என்றாள் அம்மா.

வேலை பார்த்தது நிஜம்தான். சர்க்கஸில் இரண்டு பேரும் அந்தரத்தில் ஊஞ்சலாடியவர்கள். அம்மா பிடிக்கிறவள்: ஊஞ்சலில் முழங்காலை மடக்கித் தலைகீழாகத் தொங்கி, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சித்தி பறக்கிறவள். எடையே இல்லாதவள் என்பதால் அவளுக்குப் பஞ்சு என்று பேர். கம்பெனி மூடியபோது அம்மா தன் புருஷனோடும் கைக்குழந்தைகளோடும் பஞ்சுவையும் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அப்புறம் அம்மா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகப் போக, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, ஜுரத்தில் மடியில் போட்டுக்கொண்டது சித்திதான். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

சித்தி தட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போனதும், கோப்பைகளைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். மறுநாள் ஒரு தகரப் பெட்டியோடு கிளம்பிப் போய்விட்டாள். பெண் வீட்டாரும் இன்றுவரை யோசித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

"பின்னே என்ன சொல்றது?" என்று அம்மா அதற்குப் பிறகு பல தடவை கேட்டுவிட்டாள். "கூடப் பிறந்தவன்னு பொய் சொல்லவா? நாளைக்குத் தோண்டித் துருவிக் கேட்டா யார் பதில் சொல்றது?"

கேட்டுவிட்டு முட்டியைத் தடவிக்கொள்வாள்.

*

சித்தியின் புது ஜாகை ஒரு சலவைக் கடையின் மாடி. கீழே இஸ்திரி ஓடினால் மேலே தரை சுடும். சித்தி அதைப் பற்றிப் புகார் சொன்னதில்லை, குளிருக்கு இதமாக இருக்கிறது என்பாள்.

டாக்டரம்மா அங்கே போனது ஒரு விஷயத்தைச் சொல்ல. போன வாரம் வெளித் தேர்வாளரிடமிருந்து குறிப்பு வந்ததிலிருந்து அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஆராய்ச்சியின் தலைப்பு 'சிக்கலான பண்பாட்டு மரபுத் தரவுகளைக் கட்டமைத்தலும் அவற்றினூடே வழிகாணலும்'. இதைப் படித்து முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்குகிறது என்பது அம்மாவின் விமர்சனம். விஷயம் அவ்வளவு பயங்கரம் இல்லை. கம்பெனி மூடியதும் சுவரொட்டி, புகைப்படம், உடுப்பு, ஒலிநாடா, கூடாரத் துணி என்று ஒரு மலையே அருங்காட்சியகத்தில் வந்து இறங்கியது. எது யாருடையது, யார் யாருக்கு என்ன வேண்டும், ஒன்றும் தெரியாது. ஒன்றைத் தொட்டால் அதோடு சம்பந்தப்பட்ட இன்னொன்றுக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழியைத்தான் அவள் கம்ப்யூட்டருக்குள் போட்டிருந்தாள். திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு வட்டம். சிவப்புக் கோடு இழுத்தால் உறவு. சாம்பல் கோடு இழுத்தால் கூட வேலை பார்த்தவர்.

'பறக்கும் சகோதரிகள்' என்ற சுவரொட்டியைப் படித்த கம்ப்யூட்டர், அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் தானாகவே ஒரு சிவப்புக் கோட்டை இழுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான கோடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த டாக்டரம்மா, அதை மட்டும் சரிபார்க்கவே இல்லை. சரிபார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. சித்தி சித்திதானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

தேர்வாளருக்குத் தோன்றியது. 'கம்பெனி மருத்துவ அட்டைப்படி இந்த இருவரின் பிறந்த தேதிகளுக்கும் நான்கு மாதம்தான் இடைவெளி. ஒரு தாய்க்கு இது எப்படிச் சாத்தியம்? நிரூபிக்கவும், அல்லது திருத்தவும்' என்று எழுதியிருந்தார். மாணவர்கள் அவருக்குக் கத்தரிக்கோல் என்று பேர் வைத்திருந்ததில் தப்பே இல்லை.

சித்தி கண்ணாடி முன்னால் நின்று உடுப்பின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "வா கண்ணு. இது பரவாயில்லையா? பெரிய மனுஷங்க எல்லாம் வருவாங்களே."

"நல்லாருக்கு சித்தி. நான் எதுக்கு வந்தேன்னா..."

"அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுவேல்ல? அன்னைக்கு லாப்டாப்புல காட்டினியே. உங்கம்மா வட்டத்துல இருந்து என் வட்டத்துக்கு."

டாக்டரம்மா பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"பெரிய திரையில தெரியுமா?"

"தெரியும்."

"போதும்." சித்தி சீப்பை எடுத்தாள். "அவ வான்னு ஒரு குரல் குடுத்தா, கம்பியை விட்டுட்டுப் போயிருக்கேன் கண்ணு. கீழ பார்த்ததே இல்ல. தரைக்கு வந்தப்புறம் நான் யாரோ ஆயிட்டேன். போகுது. அவ வாயால சொல்லாட்டி என்ன, கம்ப்யூட்டராவது சொல்லுதே."

இதற்குமேல் அங்கே என்ன சொல்ல முடியும்? "மெதுவா வாங்க சித்தி, முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். ஒரு டாக்டருக்கு வேண்டிய தைரியம் தன்னிடம் துளிகூட இல்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

*

"சாம்பலா மாத்திடு" என்றார் வழிகாட்டிப் பேராசிரியை, அரங்கத்துக்குப் பக்கத்து அறையில் லாப்டாப்பை எட்டிப் பார்த்து. நல்ல மனுஷிதான். ஆனால் தன் மாணவி ஒருத்தி நரைமுடியோடு பட்டம் வாங்குவதைப் பார்க்க அவருக்கும் பொறுமை போய்விட்டது. "கூட வேலை பார்த்தவங்க. அதுல பொய் இல்லையே?"

"அது இல்லைதான் மேடம்."

மாற்றிப் பார்த்தாள். சிவப்பு போய்ச் சாம்பல் வந்தது. அவ்வளவுதான், சித்தியின் வட்டம் அம்மாவின் பக்கத்திலிருந்து நழுவி, சமையல்காரர், கூடாரம் அடிப்பவர்கள், யானையைக் குளிப்பாட்டியவர், டிக்கெட் கிழித்தவர் என்ற பெருங்கூட்டத்துக்குள் போய்க் கலந்தது. தேடிக் கண்டுபிடிக்க அவளுக்கே கொஞ்ச நேரம் ஆனது. கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேர். தேநீர் அன்றைக்கு அம்மா சொன்ன அதே வார்த்தையை இப்போது அவள் கையாலேயே திரையில் எழுதியாகிவிட்டது.

சரி வேண்டாம் என்று கோட்டையே அழித்தாள்.

"ஐயோ, அப்படிப் பண்ணாதே" என்றார் பேராசிரியை. "எந்தக் கோடும் வராட்டி பதிவு அநாதையாயிடும். யாரும் அங்க போய்ச் சேரவே முடியாது."

அநாதைப் பதிவு என்பது அவர்கள் துறையில் தினமும் புழங்குகிற சொல். பேராசிரியை அதை வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. டாக்டரம்மாவுக்குத்தான் அது வேறு மாதிரி காதில் விழுந்தது.

வீட்டில் அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன வம்பு கொண்டுவந்தாலும் முதலில் "யார் சொன்னது?" என்பாள். அடுத்து "எப்பச் சொன்னது?" என்பாள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த வம்பு வாசலோடு திரும்பிப் போக வேண்டியதுதான். புகைப்படங்களில் இருப்பது யார் என்று ஆளுக்கொரு பேர் சொன்னபோது, டாக்டரம்மா அம்மாவின் அந்த இரண்டு கேள்விகளைத்தான் திரையில் நிரப்ப வேண்டிய இரண்டு பெட்டிகளாகத் தன் ஆராய்ச்சியில் சேர்த்திருந்தாள்.

"மேடம், அந்த ரெண்டு பெட்டியையும் உறவுக் கோட்டுக்கும் வெச்சா?"

பேராசிரியை யோசித்தார். "வைக்கலாம். ஆனா ஒருத்தர் சொன்னா போதாது. நாளைக்கு எவனாவது வந்து நானும் இந்தக் குடும்பம்தான்னு நிப்பான். ரெண்டு பக்கமும் சொல்லணும். ஒரு பக்கம்தான் சொல்லியிருக்குன்னா புள்ளிக் கோடாப் போடு."

அப்படியே செய்தாள். செய்து முடித்துச் சிவப்புக் கோட்டை இழுத்துப் பார்த்தாள், கோடு விழவில்லை. பெட்டிகள் இரண்டும் காலி. யார் சொன்னது என்ற இடத்தில் 'நான்' என்று தட்டினாள்.

"நீ ஆராய்ச்சி பண்றவ. சாட்சி இல்லை" என்றார் பேராசிரியை, கொஞ்சம் தணிந்த குரலில். "நேரமாச்சு, கிளம்பு."

அவள் 'நான்' என்பதை அழித்தாள். சாம்பல் கோட்டை மட்டும் திரும்பப் போட்டுவிட்டு எழுந்தாள்.

*

அரங்கில் கூட்டம் பாதிதான். சித்தி முன்வரிசையில் காலரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், அம்மா முட்டியைத் தடவிக்கொண்டு இருந்தாள். வந்ததற்கு அடையாளம் இருக்கக் கூடாது என்பதுபோல ஒரு ஓரமாக.

சும்மா சொல்லக் கூடாது, டாக்டரம்மா நன்றாகவே பேசினாள். ஒரு கிழிந்த கையுறையைத் தொட்டு, அதைத் தைத்தவரிடம் போய், அவர் பாடிய ஒலிநாடாவைக் கேட்டுவிட்டு, அவர் மகள் ஏறிய குதிரையின் படத்துக்கு வந்து நின்றாள். ஒரு இடத்திலும் வழி தவறவில்லை. கத்தரிக்கோல்கூட இரண்டு தடவை தலையாட்டினார்.

"பறக்கும் சகோதரிகளுக்கு வாங்க" என்றார் அவர்.

திரையில் அந்தச் சுவரொட்டி வந்தது. பக்கத்தில் அம்மாவின் வட்டம். அதிலிருந்து புறப்பட்ட சாம்பல் கோடுகளின் காட்டுக்குள் எங்கேயோ சித்தியின் வட்டம்.

"இங்கே ஒரு சிவப்புக் கோடு இருந்ததே?"

"எடுத்துட்டேன் சார்."

"சுவரொட்டியை ஆதாரமாகக் காட்டியிருந்தீர்களே?"

"அது போதாதுன்னு தோணிச்சு சார்."

"போதாதுதான். இதே சுவரொட்டியில் சிங்கம் கணக்குப் போடும் என்றும் இருக்கிறது."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சிவப்புக் கோடு எங்க கண்ணு?"

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். தேர்வு நடக்கும்போது நடுவில் பேசக் கூடாது என்றெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பெரிய திரையில் தன் வட்டத்தை அவளால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா மைக்கை விட்டு விலகி வந்தாள். "சித்தி, அது... யாராவது சொல்லியிருக்கணும். யார் சொன்னது, எப்பச் சொன்னதுன்னு ரெண்டு பெட்டி இருக்கு. சுவரொட்டி சொன்னா செல்லாது. சொந்த ஆளு சொல்லணும்."

"யாரும் சொல்லலையா?"

"பெட்டி காலியா இருக்கு சித்தி."

சித்தி காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்ப சரிதான்" என்று உட்கார்ந்தாள். "இல்லாததை நீ எப்படிப் போடுவ."

பெற்ற மகளைப் போல வளர்த்தவளை இத்தனை பேர் நடுவில் உட்காரவைத்துவிட்டோமே என்று டாக்டரம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம் என்றிருந்தது.

"யார் சொன்னதுன்னு கேக்குதா அது?"

கடைசி வரிசை. அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். விளையாட்டு டீச்சர் குரல், மைக்கே வேண்டாம்.

தேர்வாளர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார். "நீங்க?"

"அந்தப் படத்துல தலைகீழாத் தொங்கறவ."

யாரும் சிரிக்கவில்லை.

"அவ என் தங்கச்சி. நான் சொன்னேன்னு போடு."

"அம்மா, மன்னிக்கணும். பிறந்த தேதியில் நான்கு மாதம்தான்..."

"பிறந்ததை நான் பேசலையே சார். பிறந்தப்ப நான் அவளைப் பார்த்ததுகூட இல்ல. தங்கச்சின்னுதான் சொல்றேன்."

கத்தரிக்கோல் வாயை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தார். பிறகு, அவர் தொழில் புத்தி அவரை விடவில்லை, கேட்டார். "சரி. இரண்டாவது பெட்டி இருக்கிறதே. எப்போது சொன்னீர்கள்? சர்க்கஸ் நாளிலேயேவா?"

அம்மா முன்வரிசையில் தெரிந்த சித்தியின் பின்னந்தலையைப் பார்த்தாள். டாக்டரம்மா தன் சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளாக நினைத்துப் பார்த்தாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டதெல்லாம் சித்தி. பிள்ளைகளுக்குச் 'சித்தி' என்று சொல்லிக்கொடுத்தது அப்பா. அம்மா பஞ்சு என்பாள், ஏய் என்பாள், இங்க வா என்பாள். தங்கச்சி என்ற வார்த்தையை அம்மா வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. சித்தியும் கேட்டிருக்க மாட்டாள்.

"சொன்னதில்லை" என்றாள் அம்மா கடைசியில். விளையாட்டு டீச்சர் குரல் எங்கேயோ போயிருந்தது. "சொல்ல வேண்டிய இடத்துல வேற என்னவோ சொல்லித் தொலைச்சேன். இன்னைக்குத் தேதியைப் போடு."

டாக்டரம்மா தட்டினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக விழுந்தது. மூன்றாவது தடவை, அம்மாவின் வட்டத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பிச் சாம்பல் காட்டுக்குள் போனது. சித்தியின் வட்டம் அதைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றது.

"ஏன் புள்ளி புள்ளியாக இருக்கிறது?" என்றார் தேர்வாளர்.

"இன்னொரு பக்கமும் சொல்லணும் சார். அப்பத்தான் முழுக் கோடு விழும்."

அரங்கம் மொத்தமும் முன்வரிசைப் பக்கம் திரும்பியது. சித்தி திரையைப் பார்த்தாள். திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். அம்மா இன்னும் உட்காரவில்லை.

"அவசரமா கண்ணு?"

"இல்ல சித்தி."

"அப்ப யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் சித்தி.

கதவோரம் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

*

தேர்வாளர் ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார், ஆனால் திருத்தத்தோடு. அந்த இரண்டு பெட்டிகளும் எல்லாச் சிவப்புக் கோட்டுக்கும் வேண்டும், நிரப்பிக்கொண்டு வந்தால்தான் கையெழுத்து என்றுவிட்டார். சர்க்கஸில் யாரைப் பார்த்தாலும் அண்ணன், மாமா, அத்தை. அத்தனை பேரையும் இனித் தேடிப்போய்க் கேட்டாக வேண்டும். டாக்டரம்மா என்ற பேர் இன்னும் கொஞ்ச காலம் கேலியாகவே இருக்கப் போகிறது.

வெளியே வந்தபோது தம்பி வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்திருந்தான். அம்மா முன்சீட்டில் நேரே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி இறக்கியிருந்தது.

சித்தி வண்டியைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். டாக்டரம்மா பின்னாலேயே ஓடினாள்.

"சித்தி, உங்க தகரப் பெட்டியை நான் போய் எடுத்துட்டு வரட்டா? வீட்டுக்கு வாங்களேன்."

"நான் சொல்ற வரைக்கும் அந்தக் கோடு அப்படியேதான் இருக்குமா? போயிடாதே?"

"போகாது. நீங்க சொல்ற வரைக்கும் இருக்கும்."

பேருந்து வந்து நின்றது. சித்தி கம்பியைப் பிடித்து ஒரே எட்டில் ஏறினாள். அந்த வயதிலும் சத்தமே இல்லை. படியில் நின்றபடி வண்டியில் இருந்தவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கட்டும். தொங்கிக்கிட்டுக் காத்திருக்கிறதுதானே உங்கம்மா வேலை" என்றாள். "நான் வர்றவ, எனக்குத் தோணும்போது வருவேன்."